முதலில் ஒரு நல்லது

காசிமாயனுக்கு மில்லில் துணியில் பழுது கண்டுபிடிக்கிற வேலை. தறியிலிருந்து இறங்கி வரும் துணியைச் சாய்வு மேசையில் ஓடவிட்டு, இழை அறுந்த இடம், எண்ணெய்க் கறை, முடிச்சு என்று கண்ணில் பட்ட மாத்திரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு இழுப்பார். இருபது வருஷமாக இதே வேலை. அந்தக் கண்ணை மில் கேட்டில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வர முடியுமா என்ன? இட்லியில் வெடிப்பு, சட்டையில் பொத்தான், சுவரில் சாய்ந்து தொங்கும் காலண்டர், எல்லாவற்றின் மேலும் ஒரு கோடு விழும். வாக்கப்பட்டு வந்த பதினான்கு வருஷத்தில் முத்துத்தாய் மேல் விழுந்த கோடுகளுக்கு ஒரு பெட்டி சாக்பீஸ் பத்தாது.

எழுபத்தெட்டில் போனஸ் வந்த கையோடு பழைய ஜப்பான் கேமரா ஒன்றை வாங்கினார். சிம்மக்கல்லில் நூருல் அமீனுடைய ஸ்டுடியோ மாடியில் கூடும் படக்காரர்கள் சங்கத்திலும் சேர்ந்துகொண்டார். மாதத்தின் முதல் ஞாயிறு, காலை பத்து மணி. பள்ளிக்கூட வாத்தியார், பஸ் கண்டக்டர், பூட்டுக் கடைக்காரர் என்று பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். மாடியில் நீளமாக ஒரு கொடி. ஆளுக்கு ஒரு படம், கிளிப்பில் மாட்டித் தொங்கும். படத்துக்கு நம்பர் உண்டு, பேர் கிடையாது.

அங்கே மூன்று விதிகள். நூருல் அமீனே தன் கைப்பட எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். எல்லோரும் பேசி முடிக்கிற வரைக்கும் எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது, எடுத்தது யார், படத்தில் இருப்பது யார் என்று தெரிந்தாலும் மற்றவர் சொல்லக் கூடாது. பேசுகிறவர் முதலில் ஒரு நல்லது சொல்ல வேண்டும். அப்புறம் குறையைச் சொல்லலாம், ஆனால் அதற்கு என்ன செய்திருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சங்கம் தொடங்கிய புதிதில் ஒரு கோபுரப் படத்துக்காக இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி வரை உருண்டார்கள். அதற்குப் பிறகு வந்த விதிகள் இவை.

காசிமாயன் விதியை மீறுகிற ஆள் இல்லை. விதிக்குள்ளேயே சந்து கண்டுபிடித்துவிட்டார். படத்தின் முன்னால் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நல்லது என்னன்னா, பேப்பர் நல்ல பேப்பர்" என்பார். மாடியே சிரிக்கும். அதோடு நல்லது முடிந்தது. பிறகு சாக்பீஸ் கோடுதான்.

அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டில் முத்துத்தாய்க்கு முழுக் கூட்டமும் திரும்ப நடக்கும். குழம்பு ஊற்ற ஊற்ற அவர் சொல்லிக்கொண்டே போவார். எவன் படத்தில் தலை வெட்டுப்பட்டது, எவன் படத்தில் லைட் கம்பம் ஆள் மண்டையில் முளைத்தது, தான் அதற்கு என்ன சொன்னார், எல்லாம் வரும். முத்துத்தாய் அந்தப் படங்களில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. குறைகள் மட்டும் அத்துப்படி. கேட்கக் கேட்க, இம்புட்டுக் குறையுள்ள படத்தை ஒருத்தர் வேலை மெனக்கெட்டு எதற்குக் கொண்டுவந்து தொங்க விடுகிறார் என்று அவளுக்கு ஒரே ஆச்சரியமாக இருக்கும். அவர்கள் அதில் என்னத்தைப் பார்த்தார்கள்? அதை மட்டும் காசிமாயன் ஒரு நாளும் சொன்னதில்லை.

"அந்தக் கண்டக்டர் சோணை, அன்னைக்கொரு நாள் பஸ்ஸுல ஒருத்தன் சன்னலோரமாத் தூங்குறத எடுத்துட்டு வந்தான். தூங்குறவன எடுத்தவனும் தூங்கிட்டான் போலன்னு சொன்னேன். சிரிப்பு அடங்க அஞ்சு நிமிசம் ஆச்சு."

"அவரு என்ன சொன்னாரு?"

"என்னத்தச் சொல்ல? எடுத்தவன் பேசக் கூடாதுல்ல."

"அப்புறம் வாராரா?"

"ரெண்டு மாசமா வரல. ரோசக்காரப் பய."

முத்துத்தாய்க்கு அந்தத் தூங்குகிற ஆளை ஒரு தடவை பார்க்க வேண்டும் போல இருந்தது.

போன மாதம் நாகமலைப் பக்கம் ஒரு கண்மாய்க்குப் போயிருந்தார்கள். போயிருந்தார்கள் என்றால், அவர் கொக்கைப் படம் எடுக்கப் போனார், அவள் சாமான் தூக்கப் போனாள். தோளில் பை, இடுப்பில் கூஜா. மஞ்சள் காமாலை வந்து பிழைத்ததிலிருந்து காசிமாயன் சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீரைத் தவிர வேறெதுவும் குடிப்பதில்லை. அதுவும் மேலே வளையப் பிடி வைத்த பித்தளைக் கூஜாவில்தான் இருக்க வேண்டும். அவர் எங்கே போனாலும் கூஜா கூடப் போகும். கூஜா தானாக நடக்காது என்பதால் முத்துத்தாயும் போவாள்.

சாயங்காலம் ரோல் தீர்ந்தது. "முப்பத்தாறும் முடிஞ்சுச்சு" என்று கேமராவைப் பையில் போட்டு அவளிடம் கொடுத்தார். வெயிலுக்குக் கட்டிய துண்டு தலையிலேயே இருந்தது. "பஸ்ஸு போயிறப் போகுது. நான் முன்னால போயி நிப்பாட்டுறேன். நீ வா." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் இறங்கிக் கிழக்கே ரோட்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார்.

அவள் பின்னாலேயே போனாள். முன்னால் அந்த முதுகு. பதினான்கு வருஷமாகத் திருவிழாவுக்கு, ஆஸ்பத்திரிக்கு, கல்யாண வீட்டுக்கு என்று எங்கே போனாலும் அவள் பார்த்துக்கொண்டே போன முதுகுதான். அன்றைக்கு என்னவோ புதிதாகப் பார்ப்பது போல இருந்தது. இடது தோள் வலது தோளைவிட இறங்கியிருந்தது. மேசையில் குனிந்து குனிந்து அப்படி ஆகியிருக்க வேண்டும். அந்த மனுஷனுக்கே அது தெரியாது. அவளுக்குப் பின்னாலிருந்து விழுந்த வெயிலில் அவளுடைய நிழல் நீண்டு போய் அவர் குதிகாலைத் தொடப் பார்த்தது, தொடவில்லை. அவர் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அவளுக்குக் கோபம் வந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததுதான் அதிசயம்.

பைக்குள் கையை விட்டுக் கேமராவை எடுத்தாள். கட்டை விரலால் நெம்புகோலைத் தள்ளுவதை அவள் நூறு தடவை பார்த்திருக்கிறாள். முடிந்துபோன ரோல் என்றாலும் அது நகர்ந்தது. கூஜாவை இடுப்பில் அணைத்தபடியே ஒரு கையால் கேமராவைக் கண்ணில் வைத்து அமுக்கினாள். டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஓடிப்போய்ப் பஸ் ஏறினாள்.

சனிக்கிழமை காசிமாயனுக்குப் பகல் ஷிப்ட் என்பதால் படங்களை வாங்க முத்துத்தாய் ஸ்டுடியோவுக்குப் போனாள். நூருல் அமீன் ஒரு படத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்திருந்தார்.

"தங்கச்சி, சில ரோல்ல ஒண்ணு கூடுதலா விழும். இதுல முப்பத்தேழாவதா ஒண்ணு விழுந்திருக்கு. காசி அண்ணன் முதுகக் காசி அண்ணனே எடுத்திருக்க முடியாது."

முத்துத்தாய் படத்தை வாங்கிப் பார்த்தாள். வரப்பும் முதுகும் நிழலும் இருந்தன. "கோணலா இருக்காண்ணே?"

"இருக்கு."

"அப்ப நல்லா இல்லையா?"

"அத நான் ஒருத்தன் சொன்னாப் பத்தாது. நாளைக்குக் கொடியில தொங்க விடுவமா? பேரு இல்ல, நம்பருதான். உங்களுக்கு இஷ்டமிருந்தா மட்டும்."

"அவரு கிழிச்சிருவாரேண்ணே."

நூருல் அமீன் இல்லை என்று சொல்லவில்லை. பொய் சொல்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

அவளுக்குப் பாராட்டு வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு வரப்பில் தான் பார்த்தது இந்தக் காகிதத்துக்குள் வந்திருக்கிறதா, பக்கத்தில் இல்லாத ஒருத்தர் கண்ணுக்கும் அது படுகிறதா, அது ஒன்று தெரிந்தால் போதும். அதற்காக மனசு அரித்தது. இல்லை, வெறும் கோணல் படம்தான் என்று ஆகிவிட்டால் கேமரா பக்கம் இனி கை போகாது. பையோடு பையாகத் தூக்கிக்கொண்டு நடப்பதோடு சரி.

"தொங்க விடுங்கண்ணே" என்றாள். "ஆனா நான் காதால கேக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூஜா தயாராகவில்லை. "தண்ணி இன்னும் ஆறல. நீங்க போங்க, நான் பின்னாடியே கொண்டாரேன்" என்றாள் முத்துத்தாய். தண்ணீர் ஆறி அரை மணி நேரம் ஆகியிருந்தது. காசிமாயன், "தண்ணியக்கூட நேரத்துக்கு ஆத்த மாட்டியா" என்று போகிற போக்கில் ஒரு கோடு போட்டுவிட்டு, கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஸ்டுடியோ மாடியில் கூட்டம் நடக்கிற அறையை ஒட்டி நூருல் அமீனின் வீடு. நடுவில் ஒரு கதவு, கதவில் பச்சைத் திரை. அவர் மனைவி ஜெயினம்பு, முத்துத்தாய்க்கு ஒரு முக்காலியைத் திரைக்குப் பக்கத்திலேயே போட்டு வைத்திருந்தாள். கூஜாவை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். திரையோரத்தில் ஒரு கண் அளவுக்கு இடைவெளி இருந்தது.

ஒன்றிலிருந்து ஆறு வரை நடந்தன. நாலாம் நம்பருக்கும் ஆறாம் நம்பருக்கும் காசிமாயன் பேப்பரைப் பாராட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். சாப்பாட்டு இலைக்கு முன்னால் கேட்டபோது முத்துத்தாயும் சிரித்திருக்கிறாள். இப்போது திரைக்குப் பின்னாலிருந்து பார்க்கும்போது, ஆறாம் நம்பரை எடுத்தவர் யாரென்று அவளுக்குச் சட்டென்று தெரிந்தது. எல்லோரையும்விட ஒரு விநாடி அதிகமாகச் சிரித்தவர் அவர்தான்.

"ஏழாம் நம்பர்" என்றார் நூருல் அமீன்.

பசுமலையிலிருந்து வரும் அழகுமலை வாத்தியார் முதலில் எழுந்தார். படத்தைப் பார்த்தார். காசிமாயனைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். சங்கத்து ஆட்கள் அத்தனை பேரும் ஏதோ ஒரு வெளியூர்ப் பயணத்தில் அந்த முதுகுக்குப் பின்னால் நடந்தவர்கள். துண்டு கட்டினாலும் இறங்கிய தோளை மறைக்க முடியாது. அறை முழுக்கத் தெரிந்துவிட்டது. தெரியாத ஆள் ஒருவர்தான். கண்ணாடியில் முகம் பார்க்கலாம், மீசை பார்க்கலாம். முதுகை யார் பார்த்தது?

"நல்லது" என்று ஆரம்பித்தார் வாத்தியார், "முகத்தக் காட்டாமலே இந்த ஆளு எப்படிப்பட்டவருன்னு தெரிஞ்சு போகுது. குறை, கோணல். கேமராவ நேராப் பிடிச்சிருக்கலாம்." சட்டென்று உட்கார்ந்து கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அடுத்து பூட்டுக் கடை முகம்மது கனி. "நல்லது, வரப்பு நம்ம கண்ணப் பிடிச்சு நேரா ஆளுகிட்டக் கொண்டு போயி விட்ருது. குறை, மேல வானம் ரொம்ப. கொஞ்சம் கீழ எறக்கிப் பிடிச்சிருக்கலாம்."

திரைக்குப் பின்னால் முத்துத்தாய் கூஜாவை இறுக்கிப் பிடித்தாள். எப்படிப்பட்டவர் என்று தெரிகிறதாமே. அது ஒரு வாத்தியாருக்குத் தெரிந்திருக்கிறது.

காசிமாயன் எழுந்தார். கையைப் பின்னால் கட்டினார்.

"நல்லது என்னன்னா, பேப்பர் நல்ல பேப்பர்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அது அவருக்கு வினோதமாக இருந்தது போல. திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"யாரோ ஒரு சம்சாரி வயக்காட்டுலருந்து வெரசாப் போறான். சரி. மூஞ்சியக் காட்டாம முதுகப் போயி எவனாச்சும் எடுப்பானா? கூப்பிட்டுத் திரும்பச் சொல்லியிருக்கலாம். கூப்பிட்டாலும் இவன் திரும்புவான்னு தோணல, அது வேற. பின்னாடி ஆளு வருதா வரலையான்னு அக்கறையே இல்லாத நடை."

ஜெயினம்பு எழுந்துவிட்டாள். போய்ச் சொல்லிவிடப் போகிறாள் என்று தெரிந்து முத்துத்தாய் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "எடுத்தவுக பேசக் கூடாதுக்கா" என்று கிசுகிசுத்தாள். இந்த மனுஷன் குறை சொல்லச் சொல்ல, அவள் பார்த்தது ஒவ்வொன்றாக அவர் வாயிலிருந்தே வந்துகொண்டிருந்தது.

"பெரிய தப்பு இது" என்று காசிமாயன் சட்டைப் பையிலிருந்து 'ட' எழுத்துப் போல வெட்டிய இரண்டு அட்டைகளை எடுத்தார். படத்தில் எதை வெட்டலாம் என்று காட்ட அவரே செய்து வைத்திருந்தவை. "எடுத்தவன் நிழல் உள்ள விழுந்திருக்கு. ஒண்ணாங்கிளாஸ் தப்பு. இத மறைச்சுட்டுப் பாருங்க." அட்டையைக் கீழ்ப்பாதியில் வைத்தார். நிழல் போய்விட்டது. "இப்ப எப்படி இருக்கு? சுத்தமா இல்ல?"

அவரே உற்றுப் பார்த்தார். நிழல் இல்லாமல் அந்த ஆள் வெறுமனே நடந்துகொண்டிருந்தான். அவ்வளவுதான். என்னவோ குறைந்தது. பழுது கண்டுபிடிக்கிற கண், அதனிடம் பொய் செல்லாது. அட்டையை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார்.

"நிழலு... ஒரு தோள்ல பை இருக்கு. இடுப்புல என்னமோ வச்சிருக்கான். புள்ளையா? இல்ல, குடமா? மேல வளையம் மாதிரி..."

விரல் படத்தின் மேலேயே நின்றது.

சிம்மக்கல் ரோட்டில் டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. விரல் நிழலிலிருந்து மெதுவாக நகர்ந்து வரப்பில் ஏறி அந்த முதுகுக்குப் போனது. அங்கிருந்து கையை எடுத்தவர் தன் இடது தோளை வலது கையால் தொட்டுப் பார்த்தார். அவருக்கே தெரியாமல் செய்த காரியம் அது. அழகுமலை வாத்தியார் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். இப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"காசி அண்ணே, நல்லது இன்னும் பாக்கி இருக்கு" என்றார் நூருல் அமீன் மெல்ல. "பேப்பர் நான் வாங்குனது. அத விட்டுட்டுச் சொல்லுங்க."

காசிமாயன் அட்டைகள் இரண்டையும் மடக்கிப் பைக்குள் போட்டார்.

"நிழல வெட்டக் கூடாது" என்றார். "வெட்டுனா இதுல ஒண்ணுமில்ல."

"எடுத்தவங்க இப்பப் பேசலாம்" என்றார் நூருல் அமீன்.

திரை விலகியது. முத்துத்தாய் வந்து கூஜாவைக் கணவனுக்கு எதிரில் நீட்டினாள். திரைக்குப் பின்னால் என்னென்னவோ சொல்ல நினைத்து வைத்திருந்தாள். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒன்றும் வரவில்லை.

"தண்ணி கொண்டாந்தேன்" என்றாள்.

அவர் வாங்கிக் குடிக்கவில்லை. பாதியில் கூட்டத்தை விட்டுக் கிளம்பியதும் அன்றைக்குத்தான் முதல் தடவை. படத்தைக் கொடியிலிருந்து கழற்றிப் பழைய பேப்பரில் சுற்றி ஜெயினம்பு முத்துத்தாயிடம் கொடுத்தாள்.

ஆற்றோரமாக ஆரப்பாளையம் பார்த்து நடந்தார்கள். காசிமாயன் பழக்கத்தில் பத்தடி முன்னால் போய்விட்டார். பிறகு சட்டென்று நின்றார். திரும்பவில்லை, நின்றார். அவள் பக்கத்தில் வந்ததும் கூட நடக்க முயன்றார். கூட நடந்து பழக்கமில்லாத கால்கள், ஒன்று முந்தியது, இல்லை பிந்தியது.

"சோணை படத்துலயும் என்னமாச்சும் இருந்திருக்குமோ" என்றார் திடீரென்று.

"இருந்திருக்கும். நீங்க கேட்டீகளா?"

அவர் தலையை ஆட்டினார். கேட்கவில்லைதான். கொஞ்ச தூரம் போனார்கள். மனசில் உள்ளதைச் சொல்ல முடியாதவர் தொழிலைப் பேசினார். "கோணல் கோணல்தான். வாத்தியார் சொன்னது சரி. அடுத்த தடவ கூஜாவக் கீழ வச்சிட்டு, ரெண்டு கையாலயும் பிடிச்சு எடு."

அடுத்த தடவை என்று சொன்னார். அதை முத்துத்தாய் கவனித்துக்கொண்டாள்.

"கீழ வச்சா அப்புறம் யாரு தூக்குறது?" என்றாள். குத்திக் காட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அவர் கையை நீட்டிக் கூஜாவை வாங்கினார். வாங்கிய வேகத்தில் அது அவர் கையைக் கீழே இழுத்தது.

"இம்புட்டுக் கனமா?"

"நீங்க இன்னும் குடிக்கலல்ல. குடிச்சாக் குறையும்."

அவர் அதற்கும் குடிக்கவில்லை. இடது கையில் கூஜாவும் தோளில் கேமராவுமாக வந்தார். ஐந்நூறு அடி தாண்டவில்லை, நடை தளர்ந்துவிட்டது. முத்துத்தாய் வீசிய கையோடு நடந்தாள். வெறும் கையோடு நடந்தால் கால் இம்புட்டு எட்டு வைக்கும் என்று அவளுக்கு இத்தனை நாள் தெரியாது. எப்போது முன்னால் போனாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

பின்னால் கேமரா உறையின் பொத்தான் அவிழ்கிற சத்தம் கேட்டது. தொடர்ந்து பித்தளை எதிலோ இடித்தது. காசிமாயன் எதையோ முணுமுணுத்தார்.

திரும்பிப் பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது. திரும்பினால் படம் போய்விடும் என்றும் தெரியும். பேப்பர் சுற்றிய படத்தை மார்போடு பிடித்துக்கொண்டு, அதே நடையாக, நேராகப் போனாள்.

"ஏத்தா, முத்து" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. குறை சொல்கிற குரல் இல்லை. அவள் இதுவரை கேட்டறியாத குரல், விளங்காத ஒன்றைக் கேட்கிறவனுடைய குரல். "ஒத்தக் கையில இத எப்படித்தான் எடுத்த?"

முத்துத்தாய் திரும்பவில்லை.

"கூஜாவ இடுப்புல வைங்க" என்றாள்.